விவாத நிகழ்ச்சிக்கு மேஜையும் செட்டும் மாற்றுகிறோம்: 20×16 அடி ஹால், ஐந்து பேர், எதை முதலில் செய்வது?

தண்டையார்பேட்டை_லைவ்

வணக்கம். தண்டையார்பேட்டையில் முதல் மாடி ஹால். உள்ளளவு 20 அடி நீளம், 16 அடி அகலம், கூரை 10 அடி. லோக்கல் கேபிளுக்கும் யூடியூபுக்கும் தினமும் இரவு ஒரு மணி நேரம் அரசியல் விவாதம் நேரலையாகப் போகிறது. நெறியாளர் ஒருவர், விருந்தினர்கள் நான்கு பேர். கேமரா மூன்று, எல்லாமே ஏபிஎஸ்-சி (முழு ஃபிரேமைவிடச் சின்ன) சென்சார், கேமராவோடு வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸ்.

இப்போது இருப்பது கண்ணாடி மேல்தட்டு வைத்த நேர் மேஜை, பின்னால் ஃபிளெக்ஸ் பேனர். கண்ணாடியில் லைட் அப்படியே தெரிகிறது. வெள்ளைச் சட்டை போட்டவர் வந்தால் சட்டை வெளுத்துப்போய் முகம் கறுக்கிறது, நம்ம ஊர் அரசியலில் பாதிப்பேர் வெள்ளைச் சட்டைதான். யாராவது மேஜையைத் தட்டினால் ஐந்து மைக்கிலும் இடி மாதிரி விழுகிறது. ஓரத்தில் இருப்பவரை குளோசப் எடுத்தால் பின்னால் சுண்ணாம்புச் சுவரும் ஸ்விட்ச் போர்டும்.

தேர்தல் சூடு பிடிப்பதற்குள் முழுசாக மாற்றிவிட வேண்டும். கையில் 6 லட்சம். எல்இடி வால் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஓனர் நினைக்கிறார். மேஜை அளவிலிருந்து எல்லாம் சொல்லுங்கள்.

---

மரவேலை_வியாசர்பாடி

எல்இடி வாலைக் கடைசியில் பேசலாம் சார். விவாதத்தில் வைட் ஷாட் மொத்தமே சில நிமிடம்தான் வரும். மீதி நேரமெல்லாம் ஒரு விருந்தினரின் மார்பளவு ஷாட். அந்த ஷாட்டில் பின்னால் என்ன தெரிகிறது, கை எங்கே இருக்கிறது, கண் எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதிலிருந்து செட்டைக் கட்ட ஆரம்பியுங்கள்.

முதலில் ஹாலின் நீளத்தைப் பங்கு போடுங்கள். பின்சுவரிலிருந்து 5 அடியில் நெறியாளரின் நாற்காலி முதுகு, 7 அடியில் அவர் பக்க மேஜை விளிம்பு, 17 அடியில் நடுக் கேமராவின் லென்ஸ். மீதி 3 அடி கேமராமேனுக்கு. ஆளுக்கும் பின்னணிக்கும் நடுவில் 4 அடிக்குக் குறைந்தால் முக லைட்டின் நிழல் பின்சுவரில் விழும், பின்னணியும் ஃபோகஸில் வந்து கண்ணைக் குத்தும்.

மேஜை நேர்கோட்டில் வேண்டாம். ஆளுக்கு 30 இன்ச் அகலம் கொடுத்தாலே ஐந்து பேருக்கு 12½ அடி ஆகிவிடும், அதோடு ஓரத்தில் இருக்கும் இருவர் ஒருவரையொருவர் பார்க்க எட்டிக் குனிய வேண்டும். மூன்று துண்டாகச் செய்யுங்கள். நடுத்துண்டு நெறியாளருக்கு, இரண்டு பக்கமும் கேமராவை நோக்கி முன்வரும் இறக்கைகள், ஒவ்வொன்றிலும் இருவர். இறக்கை 35 டிகிரி திரும்பட்டும். ஆட்கள் வெளிப்பக்கம் உட்காருவார்கள், குழிவான பக்கம் கேமராவுக்கு. உட்காரும் பக்க விளிம்பில் நடுத்துண்டு 3 அடி, இறக்கை 5 அடி. ஆழம் 2 அடி. 35 டிகிரி திருப்பம் என்பதால் சேரும் இடத்தில் இரண்டு பலகையையும் 17½ டிகிரியில் வெட்ட வேண்டும். அப்படி வெட்டியதும் கேமரா பக்கம் நடுத்துண்டு சுமார் 21 இன்ச்சாகவும், இறக்கை சுமார் 52½ இன்ச்சாகவும் குறையும். ஆசாரியிடம் இந்த இரண்டு பக்க அளவையும் எழுதிக் கொடுங்கள். ஒரு பக்க அளவை மட்டும் சொன்னால் முன்பலகை நீளமாக வெட்டப்பட்டு ஜாயிண்டில் உட்காராது.

மேல்தட்டு உயரம் தரையிலிருந்து 30 இன்ச், நாற்காலி இருக்கை 18 இன்ச், முழங்காலுக்காக மேஜைக்கு அடியில் 26 இன்ச் உயரம் காலி இடம். முன்பலகை தரைவரை வர வேண்டும். வேட்டி கட்டியவர் கால் மேல் கால் போட்டாலும் திரையில் தெரியக் கூடாது, அது அவருக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை. பலகையின் அடியில் 3 இன்ச் உயரத்துக்கு உள்வாங்கி வையுங்கள். இல்லாவிட்டால் துடைப்பமும் ஈரத் துணியும் பட்டு ஒரே மாதத்தில் அடி விளிம்பு உரியும்.

மரம்: 19 மி.மீ. பிளைவுட், ஐஎஸ் 710 முத்திரை உள்ள பிடபிள்யூபி (கொதிநீரையும் தாங்கும் ரகம்). எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) மலிவு, வெட்ட சுத்தமாக இருக்கும், ஆனால் கடற்காற்று அடிக்கிற நம்ம பக்கத்தில் விளிம்பு ஊதிவிடும். மேல்தட்டை இரண்டு பலகை ஒட்டி 38 மி.மீ. தடிமனாக்குங்கள். திரையில் கனமாகத் தெரியும், தட்டினாலும் அதிராது. மேல்தட்டுக்கு 8×4 ஷீட் இரண்டு, முன்பலகைக்கும் நான்கு கால் பலகைக்கும் இரண்டு, ஆக நான்கு ஷீட். கால் பலகை முன்பலகை வெட்டின மிச்சத்தில் 19 இன்ச் ஆழத்துக்கு வந்துவிடும். மைக்காவை மேல்பக்கம் மட்டும் ஒட்டினால் பலகை வளையும், அடிப்பக்கமும் 0.8 மி.மீ. லைனர் ஒட்ட வேண்டும். விளிம்புக்கு 2 மி.மீ. பிவிசி எட்ஜ் பேண்ட். மூன்று துண்டையும் பெவிகால் போட்டு ஒன்றாக்க வேண்டாம், அடியில் 8 மி.மீ. போல்ட்டால் முடுக்குங்கள். முதல் மாடிப் படியில் ஏற்ற வேண்டும், நாளைக்கு மூன்று பேர் நிகழ்ச்சி என்றால் ஒரு இறக்கையைக் கழற்றவும் வேண்டும்.

இடிச் சத்தத்துக்கு: மேல்தட்டுக்கும் கால் பலகைக்கும் நடுவில் 3 மி.மீ. ரப்பர் ஷீட், தட்டின் அடியில் காருக்குப் போடும் டேம்பிங் ஷீட். ஒவ்வொருவர் முன்னாலும் 18×14 இன்ச் அளவுக்கு ரெக்ஸின் பதித்துவிடுங்கள். பேப்பர் சலசலப்பும் குறையும், லைட்டும் அடிக்காது.

நிறம்தான் பெரிய தலைவலி. கறுப்பு-சிவப்பு திமுக, நடுவில் வெள்ளை சேர்ந்தால் அதிமுக, காவி-பச்சை பாஜக, நீலம்-சிவப்பு விசிக, நீலம்-மஞ்சள்-சிவப்பு பாமக. எந்த இரண்டு பளிச்சென்ற நிறத்தைச் சேர்த்தாலும் ஒரு கொடி வந்துவிடும். அதனால் மேஜைக்குத் தேக்கு அல்லது வால்நட் மரநிற மேட் மைக்கா, பின்னணிக்குச் சிலேட் சாம்பல். மைக்காவில் நெருக்கமான மெல்லிய கோடு இருக்கிற டிசைன் எடுக்காதீர்கள், கேமராவில் நெளியும்.

ஓரச் சுவர் பிரச்சினைக்குப் பதில்: இடது கேமரா வலது இறக்கையைப் பிடிக்கும்போது பின்னால் வருவது ஹாலின் வலது பின்மூலை. பேக்டிராப் நடுவில் எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே வராது. இரண்டு பின்மூலையிலும் 8×4 அடித் தட்டி இரண்டிரண்டு, 2×1 இன்ச் ரீப்பர் சட்டத்தில் 6 மி.மீ. பிளைவுட் அடித்து, மூலையை மறைத்துச் சாய்வாக நிறுத்துங்கள். ரீப்பர் வாங்க வால்டாக்ஸ் ரோடு மரக்கடைகள் உங்களுக்குப் பக்கம்தானே. ஈர மரம் தலையில் கட்டிவிடாமல் பார்த்து வாங்குங்கள், ஏசி ஹாலில் காய்ந்து தட்டி முறுக்கிக்கொள்ளும்.

---

வெளிச்சம்_பெரம்பூர்

மேலே சொன்ன அளவுக்கு ஒரு சேர்க்கை. அந்த அமைப்பில் ஓர விருந்தினர் நடு லென்ஸிலிருந்து ஏறக்குறைய 8½ அடியில் இருப்பார். ஏபிஎஸ்-சியில் 18 மி.மீ. வைத்தால் அங்கே 11 அடி அகலம்தான் கிடைக்கும், ஓர முழங்கைகள் வெட்டுப்படும். நடுக் கேமராவுக்கு மட்டும் 16 மி.மீ. போடுங்கள். அதைவிட அகலமான லென்ஸ் போட்டால் ஓரத்தில் இருப்பவர் முகம் பக்கவாட்டில் இழுபடும், ஒரு கட்சிக்காரரை மட்டும் குண்டாகக் காட்டினோம் என்ற பேச்சு வேண்டாம்.

வெள்ளைச் சட்டைக்கு வருவோம். 1960 செப்டம்பர் 26 அன்று சிகாகோவில் நடந்த கென்னடி-நிக்சன் விவாதத்தில் நிக்சனின் வெளிர் சாம்பல் கோட் கறுப்பு வெள்ளைத் திரையில் சாம்பல் பின்னணியோடு கலந்துபோனது, கென்னடியின் அடர் கோட் தனியாக எடுத்து நின்றது. நமக்கு நேர் எதிரான சிக்கல். ஆள் பின்னணியில் கரைவதில்லை, சட்டைதான் முகத்தைத் தின்றுவிடுகிறது. நம்மவர் முகத்துக்கும் சலவைச் சட்டைக்கும் நடுவே 2 ஸ்டாப்புக்கு மேல், அதாவது வெளிச்சத்தில் நான்கு மடங்குக்கு மேல், வித்தியாசம். ஐரிஸை (லென்ஸின் ஒளித்துளையை) திறந்தால் சட்டை போகும், மூடினால் முகம் போகும். கேமராவில் மட்டும் இதைத் தீர்க்க முடியாது, லைட்டைச் சட்டையிலிருந்து விலக்க வேண்டும்.

கீ லைட்டை (முகத்துக்கான முக்கிய லைட்டை) தரையிலிருந்து 8½ அடியில், முகத்துக்கு 40 முதல் 45 டிகிரி இறக்கத்தில் தொங்கவிடுங்கள். சாஃப்ட் பேனலுக்கு எக் கிரேட் (வெளிச்சம் பக்கவாட்டில் சிதறாமல் தடுக்கும் கட்டம்) கட்டாயம். பேனலின் அடிப்பக்கத்தில் கறுப்பு நெட் துணி ஒரு மடிப்பு, கீழ்ப் பாதியை மறைக்கிற மாதிரி கிளிப் போடுங்கள். முகத்தைவிட மார்புக்குக் குறைவான வெளிச்சம் விழும். துணி பேனல் சூட்டில் படாமல் 2 இன்ச் தள்ளி நிற்கட்டும். பிறகு ஜீப்ராவை (வெளிச்சம் மிகுந்த இடத்தில் கோடு காட்டும் கேமரா வசதியை) 95இல் வைத்து, சட்டை மடிப்பின் உச்சியில் மட்டும் கோடு வரும் அளவுக்கு ஐரிஸ். அதே அளவுகோலில் முகம் 50-60க்குள் உட்கார்ந்தால் போதும். பின்னணி 25-35. பின்னணி ஒரேயடியாகக் கறுப்பாக இருந்தால் சட்டை இன்னும் பளிச்சென்று தெரியும், அதனால்தான் சிலேட் சாம்பல் சரி என்கிறேன்.

இறக்கை மேஜையில் கீ லைட் குறுக்கே போக வேண்டும். வலது இறக்கைக்காரருக்கு ஹாலின் இடது முன்பக்கத்திலிருந்து ஒரு பேனல், இடது இறக்கைக்கு வலதிலிருந்து ஒன்று, நெறியாளருக்கு நடுவில் ஒன்று. மூன்றும் 100-150 வாட் எல்இடி சாஃப்ட் பேனல், சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) 95க்கு மேல், எல்லாம் 5600 கெல்வின் (பகல் வெளிச்ச நிறம்). முதுகுக்குப் பின்னாலிருந்து தலைமுடிக்கும் தோளுக்கும் 30 வாட் சின்ன லைட் ஐந்து. வழுக்கைத் தலை விருந்தினர் என்றால் அவருடையதை மட்டும் குறைக்க வேண்டும், ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனி டிம்மர். மூக்குக் கண்ணாடியில் லைட் தெரிந்தால் பேனலை மேலே ஏற்றுங்கள், ஆளைக் குனியச் சொல்லாதீர்கள். ஷட்டர் 1/50, 25 ஃபிரேம். ஹாலில் இருக்கும் பழைய டியூப் லைட்டை நிகழ்ச்சி நேரத்தில் அணையுங்கள்.

மேஜை முன்பலகையில் எல்இடி ஸ்ட்ரிப் வைப்பதாக இருந்தால் பால் அக்ரிலிக்குக்கும் ஸ்ட்ரிப்புக்கும் 3 இன்ச் இடைவெளி, இல்லையென்றால் புள்ளி புள்ளியாகத் தெரியும். 12 வோல்ட் ஸ்ட்ரிப் 5 மீட்டர் தாண்டினால் கடைசியில் மங்கும், இரண்டு முனையிலும் சப்ளை கொடுங்கள். ஸ்ட்ரிப்புக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் 80 சதவீதத்துக்கு மேல் லோடு ஏற்ற வேண்டாம். மலிவு ரிமோட் டிம்மர் வேகமாக அணைத்து அணைத்து எரிய வைத்துத்தான் வெளிச்சத்தைக் குறைக்கிறது, கேமராவில் பட்டை பட்டையாக ஓடும். முழு வெளிச்சத்தில் வைத்து, அக்ரிலிக்கின் பின்னால் பட்டர் பேப்பர் ஒட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் கட்டடம் பழையதா? நம்ம பக்கத்தில் மெட்ராஸ் டெரஸ் கூரை இன்னும் நிறைய இருக்கிறது, மரக்கட்டை மேல் செங்கலைச் செங்குத்தாக அடுக்கிப் போட்டது. அதில் ஆங்கர் போல்ட் அடித்து லைட் பைப் தொங்கவிடவே கூடாது. செங்கல் பிடிக்காது, அடியில் ஐந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். 48 மி.மீ. ஜிஐ பைப்பில் தரையிலிருந்து நிற்கும் சட்டம் கட்டி அதில் மாட்டுங்கள். கான்கிரீட் கூரையாக இருந்தாலும் ஒவ்வொரு லைட்டுக்கும் தனிச் சேஃப்டி செயின் வேண்டும்.

---

தண்டையார்பேட்டை_லைவ்

மிக்க நன்றி அண்ணா, இருவருக்கும். கட்டடம் பழையதுதான், மெட்ராஸ் டெரஸ் என்றுதான் சொல்கிறார்கள். தரையில் நிற்கும் சட்டமே கட்டுகிறோம்.

சத்தத்துக்கு மேஜை தவிர வேறு என்ன செய்யலாம்? கன்டெய்னர் லாரி, ரயில் ஹாரன் இரண்டும் உண்டு. எல்இடி வால் பற்றியும் யாராவது சொன்னால் ஓனரிடம் காட்டுவேன்.

---

ஒலி_ராயபுரம்

லாரி உறுமலை ஃபோம் ஷீட் நிறுத்தாது. கடையில் முட்டை அட்டை மாதிரி விற்கிற ஃபோம், அறைக்குள்ளே எழும் எதிரொலியின் மேல் சுருதியை மட்டும்தான் குறைக்கும். வெளிச்சத்தம் வருவது ஜன்னல் வழியாக. ஜன்னல் குழிக்குள் அப்படியே பொருந்துகிற மாதிரி ஒரு அடைப்புப் பெட்டி செய்யுங்கள். 12 மி.மீ. பிளைவுட் இரண்டு, நடுவில் 50 மி.மீ. கிளாஸ்வூல், சுற்றிலும் ரப்பர் பீடிங். ஒரு விரல் சந்து விட்டாலும் செய்த வேலை வீண். கதவின் அடிச் சந்தும் அப்படித்தான். அதன் பிறகும் மிஞ்சுகிற உறுமலுக்கு மிக்சரில் ஒவ்வொரு சேனலிலும் 100 ஹெர்ட்ஸ் லோ-கட் (அதற்குக் கீழுள்ள சத்தத்தைக் குறைக்கும் வசதி). ரயில் ஹாரன் பேச்சுச் சுருதியிலேயே வருவதால் லோ-கட் அதைத் தொடாது, ஜன்னல் அடைப்புதான் ஒரே வழி.

உள் எதிரொலிக்கு, கேமராவுக்குப் பின்னால் உள்ள சுவரும் இரண்டு பக்கச் சுவரும் முக்கியம். கேமராவில் தெரியாது என்பதால் அழகு பார்க்க வேண்டியதில்லை. 50 மி.மீ., கனமீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள கிளாஸ்வூல் பலகையை ரீப்பர் சட்டத்துக்குள் வைத்து, கோடவுன் தெருவில் கிடைக்கும் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி அடியுங்கள். துணியில் வாய் வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் போக வேண்டும், ரெக்ஸினோ ஃபிளெக்ஸோ மூடினால் பயனில்லை. வெட்டும்போது முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை அவசியம். மூலைத் தட்டிகளுக்குப் பின்னால் இருக்கும் வெற்றிடத்திலும் மிச்சத்தை அடைத்துவிடுங்கள்.

மைக்: உட்கார்ந்தே பேசுகிற நிகழ்ச்சிக்கு ஒயர்லெஸ் எதற்கு? 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டுகள் ஐந்து பேர் போனும் வைஃபையும் இருக்கிற அறையில் அறுந்து அறுந்து வரும். ஒயர் காலர் மைக் ஐந்து, ஒயரை மேஜைத் துளை வழியாக இறக்கி, ஃபேன்டம் பவரில் (மிக்சரே ஒயர் வழியாக மைக்குக்குக் கொடுக்கும் மின்சாரத்தில்) ஓட்டுங்கள். மேஜை மேல் வளைகழுத்து மைக் வைத்தால் தட்டுவதெல்லாம் நேராக ஏறும். நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தும்போது சத்தம் குழம்புவதற்குக் காரணம் ஐந்து மைக்கும் திறந்திருப்பது. ஆட்டோ மிக்ஸ் வசதியுள்ள டிஜிட்டல் மிக்சர் எடுத்தால் பேசாதவர் மைக்கை அதுவே தாழ்த்தும். நெறியாளர் சேனலுக்கு அதில் கூடுதல் எடை கொடுங்கள், அப்போதுதான் அவர் குறுக்கிட்டால் கேட்கும்.

நெறியாளருக்கு முன்னால் தனி மைக் ஒன்று வேறு ஒயர், வேறு ரெக்கார்டரில் சும்மா ஓடட்டும். 1976இல் ஃபோர்டு-கார்ட்டர் முதல் விவாதத்தில் ஒலி போய் இரண்டு பேரும் 27 நிமிடம் மேடையிலேயே நின்றார்கள். மாற்று வழி இல்லாத ஒற்றைப் பாதை எங்கே இருக்கிறது என்று உங்கள் ஒயரிங்கிலும் தேடிப் பாருங்கள்.

நாற்காலி: சக்கரம் வேண்டாம், கைப்பிடி வேண்டாம், சுழலலாம். வாங்கும்போது உட்கார்ந்து இடமும் வலமும் ஆடிப் பாருங்கள், கிறீச் என்று வந்தால் விட்டுவிடுங்கள்.

---

பிக்சல்_மிண்ட்

எல்இடி வால் கணக்கு. 640×480 மி.மீ. கேபினெட் நான்கு வரிசை அகலம், மூன்று உயரம் வைத்தால் 2560×1440 மி.மீ., சரியாக 16:9. பி 2.5 (பிக்சல்களுக்கு இடையே 2.5 மி.மீ.) என்றால் மொத்தம் 1024×576 பிக்சல், அகலத்திலும் உயரத்திலும் எச்டியில் பாதிக்கும் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். வைட் ஷாட்டில் நன்றாக இருக்கும். நெறியாளரை குளோசப் எடுக்கும்போது அவருக்கு 5 அடி பின்னால் இருக்கிற வால் ஓரளவு ஃபோகஸில் வந்து அலை அலையாக நெளியும். பி 1.8 ஆனால் குறையும், விலை உங்கள் மொத்தப் பணத்தையும் இழுக்கும். ரிஃப்ரெஷ் (திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கிறது என்பது) 3840 ஹெர்ட்ஸ் இல்லாத வால் கேமராவில் கறுப்புக் கோடு காட்டும், 1920 மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். ஸ்டூடியோவில் வெளிச்சத்தை 15-20 சதவீதத்துக்கு இறக்கியாக வேண்டும், மட்டமான பேனல் அந்த அளவில் நிறம் திரியும்.

என் கருத்து: நெறியாளருக்குப் பின்னால் 75 இன்ச் 4கே டிவி ஒன்று, மேட் திரை, வெளிச்சம் பாதி, கலர் செட்டிங்கில் வார்ம் பக்கம் தள்ளி 5600க்கு நெருக்கமாக. கேமராவைப் பார்த்துச் சற்று முன்னால் சாய்த்து மாட்டினால் மேலே உள்ள லைட் பிரதிபலிக்காது. வாக்கு எண்ணிக்கை நாளுக்கு மட்டும் வாலை வாடகைக்கு எடுங்கள், அன்றைக்குத்தான் பெரிய திரையில் காட்ட எண்கள் இருக்கும். மிச்சப் பணம் லைட்டுக்கும் ஒலிக்கும் போகட்டும்.

---

தண்டையார்பேட்டை_லைவ்

ஓனர் டிவிக்கு ஒத்துக்கொண்டார். இன்னும் ஒரு கேள்வி: மேஜையை 8 இன்ச் பிளாட்ஃபார்ம் மேல் ஏற்றலாமா? உயரம் குறைந்த விருந்தினரை என்ன செய்வது?

---

மரவேலை_வியாசர்பாடி

பிளாட்ஃபார்ம் வைப்பது நின்றபடி இயக்கும் கேமராமேனின் லென்ஸ் மட்டத்துக்கு ஆளை ஏற்றுவதற்காக. உங்களுக்குக் கூரை 10 அடி. 8 இன்ச் ஏற்றினால் லைட்டும் அதே அளவு நெருங்கும், தலை உச்சி வெளுக்கும், பைப்பும் வைட் ஷாட்டில் வந்துவிடும். அதற்குப் பதிலாக டிரைபாடை இறக்குங்கள். லென்ஸ் நடு தரையிலிருந்து 46-48 இன்ச், கேமராமேன் ஸ்டூலில் உட்காரட்டும். ஒயர் எல்லாம் தரையில் ரப்பர் கேபிள் டிரேயில் போகலாம்.

உயரத்துக்கு, நாற்காலியின் கேஸ் லிப்ட்டை நம்ப வேண்டாம், ஒருவர் நேரலையில் நெம்புகோலைத் தொட்டு இறங்கிவிடுவார். எல்லா நாற்காலியையும் 18 இன்ச்சில் வைத்து நெம்புகோலைக் கழற்றிவிடுங்கள். 1 இன்ச், 2 இன்ச் கெட்டி ஃபோம் திண்டுகள் நாற்காலி நிறத்திலேயே உறை போட்டு நான்கைந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் உட்கார்ந்ததும் கண் மட்டத்தை மானிட்டரில் பார்த்து, 2 இன்ச்சுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் திண்டு. கால் தொங்குகிறவருக்கு முன்பலகைக்குப் பின்னால் 4 இன்ச் பலகை. இதை எல்லாக் கட்சிக்காரருக்கும் ஒரே மாதிரி, அவர்கள் வந்தவுடன், மற்றவர் உட்காருவதற்கு முன் செய்துவிடுங்கள்.

பிளைவுட் வெட்டுவதற்கு முன் தரையில் மேஜை வடிவத்தை மாஸ்கிங் டேப்பால் ஒட்டி, ஐந்து நாற்காலியில் வெள்ளைச் சட்டைக்காரர் ஐந்து பேரை உட்காரவைத்து, மூன்று கேமராவிலும் பாருங்கள். இறக்கைக் கோணம் 30 போதுமா 35 வேண்டுமா என்பது அப்போது தெரியும். கோணம் மாறினால் ஜாயிண்ட் வெட்டும் அதில் பாதியாக மாறும், 30 என்றால் 15.